டோக்கியோ முதல் பயணம்: அம்மாவுக்கு மூட்டு வலி, சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

கோவைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 26 வியாழன் காலை நரித்தா விமான நிலையத்தில் இறங்கி, டிசம்பர் 1 செவ்வாய் இரவு கிளம்புகிறோம். நான், பத்து வயது மகன், 68 வயது அம்மா. மூன்று பேருக்கும் ஜப்பான் இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக அரை மணி நேரம் நடப்பார். படி இறங்குவதுதான் பெரும்பாடு. சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்கிறார். சாப்பாட்டில் முட்டைகூடக் கிடையாது. மகனுக்கு ரயில் என்றால் உயிர்.

ரொப்போங்கியில் ஓட்டல் பார்த்திருக்கிறேன், பணம் இன்னும் கட்டவில்லை. வெள்ளி: அசாகுசா, ஸ்கைட்ரீ, அகிஹபாரா. சனி: மெய்ஜி கோயில், ஹராஜுகு, ஷிபுயா, இரவு ஷின்ஜுகு. ஞாயிறு புல்லட் ரயிலில் கியோட்டோ போய் அன்றே திரும்புவது. திங்கள் ஃபூஜி மலைப் பக்கம். செவ்வாய் கடைவீதி. ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

மேப்பில் பார்த்தால் எந்த இடத்துக்கும் இருபது, முப்பது நிமிடம்தான் காட்டுகிறது. அங்கே போய்வந்த உறவினர் ஒருவர் மட்டும் "அம்மாவை வைத்துக்கொண்டு இது நடக்காது" என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கே இடிக்கிறது?

நிஷிகசாய்வாசி:

வணக்கம் சகோதரி. இங்கே குடியிருக்கிறேன், என் பெற்றோரும் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். உங்கள் உறவினர் சொன்னது சரி. மேப் காட்டும் இருபது நிமிடத்தில் ரயில் பெட்டியில் உட்காருவது பத்து நிமிடம் இருக்கும். மீதி நேரமெல்லாம் நிலையத்துக்குள் நடை. டோக்கியோவில் கால் வலிப்பது பார்க்கும் இடங்களில் இல்லை, நிலையங்களில்தான்.

ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேல் வாசல்கள். வாசல் மாறி வெளியே வந்துவிட்டால் சுற்றி வரவே கால் மணி நேரம் ஆகும். டோக்கியோ நிலையத்தில் கெய்யோ தடத்தின் பிளாட்பாரத்துக்கு மற்ற தடங்களிலிருந்து பல நூறு மீட்டர் நடக்க வேண்டும். ரொப்போங்கியில் நிற்கும் ஓஎடோ தடம் 2000-ல் முழுமையானது. ஏற்கெனவே இருந்த சுரங்கங்களுக்கெல்லாம் கீழே தோண்டியது. ரொப்போங்கி நிலையத்தின் அடிப் பிளாட்பாரம் தரையிலிருந்து 42 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டும். அதுவும் தினமும் காலையும் மாலையும். அந்தப் பகுதியே மேடும் பள்ளமும்தான்.

அதனால் இடங்களை முதலில் எழுதாதீர்கள். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஒட்டி நாட்களைப் போடுங்கள். உங்களுக்கு ஏற்றது கின்சா தடம், மேப்பில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். 1927-ல் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் சுரங்க ரயில் என்பதால் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. பல இடங்களில் பிளாட்பாரம் ஒரு மாடி இறக்கம்தான். அசாகுசா, உவேனோ, நிஹோம்பாஷி, கின்சா, கைஎன்மாயே, ஒமோதேசாண்டோ, ஷிபுயா எல்லாம் இந்த ஒரே தடத்தில் வருகின்றன. மாறவே வேண்டாம்.

ஓட்டலை உவேனோ – ஒகாச்சிமாச்சி பகுதிக்கு மாற்றுங்கள். நரித்தாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேரே கெய்செய் உவேனோ நிலையத்துக்கு வரும், முக்கால் மணி நேரப் பயணம். எல்லாம் முன்பதிவு இருக்கை என்பதால் நிற்க வேண்டியதில்லை. தெருக்கள் சமதரை. அறை பதியும்போது கட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தரையில் மெத்தை விரிக்கும் அறை கிடைத்தால் அம்மா காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுவார். அறையை மாலை மூன்று மணிக்குத்தான் தருவார்கள். காலையில் போனால் பெட்டியை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ரயில்நேசன்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், பாஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜேஆர் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் விலை ஏறியது. ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. கியோட்டோவுக்கு ஒரு தடவை போய்வர மொத்தம் 28,000 யென் சுற்றித்தான் வரும். அந்தப் பாஸில் அதிவேக நொசோமி ரயிலில் ஏறக் கூடுதல் கட்டணமும் கேட்பார்கள்.

ஆனால் கியோட்டோவையே விட்டுவிடுங்கள் என்பேன். போக இரண்டே கால் மணி, வர இரண்டே கால் மணி. அங்கே கோயில்கள் தூரம் தூரமாக இருக்கின்றன, மேடும் படியும் அதிகம். நவம்பர் கடைசி அங்கே இலை சிவக்கும் பருவம், கூட்டம் நெரிக்கும். ஐந்து இரவுப் பயணத்தில் ஒரு நாளை ரயிலுக்கும் கூட்டத்துக்கும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, டோக்கியோவில் அந்த வாரம் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். மதியத்துக்கு மேல் பூங்கா வைத்தால் இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஒரு சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை (பணம் போட்டு வைத்து வாசலில் தட்டிப் போவது) போதும். விமான நிலையத்திலேயே வாங்கலாம். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. மகனுக்குப் பத்து வயது என்பதால் பாதிக் கட்டணம். குழந்தை அட்டைக்கு கவுண்டரில் பாஸ்போர்ட் காட்டிக் கேளுங்கள். ரீசார்ஜ் செய்யும் இயந்திரங்களில் பல ரொக்கம்தான் வாங்கும், கையில் ஆயிரம் யென் தாள்கள் இருக்கட்டும். செவன் இலெவன் கடைகளின் ஏடிஎம்மில் நம் ஊர் சர்வதேச டெபிட் கார்டு வேலை செய்யும். சுரங்க ரயிலுக்கென்று 24, 48, 72 மணி நேரச் சீட்டும் உண்டு. அது மெட்ரோ, தோஏய் என்ற இரண்டு நிறுவனங்களின் சுரங்கத் தடங்களுக்கு மட்டும். யமனோத்தே வட்டத் தடம் ஜேஆருடையது, அங்கே செல்லாது.

தம்பிக்கு ஒமியாவில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். உவேனோவிலிருந்து ஜேஆரில் அரை மணி நேரத்துக்குள் ஒமியா, அங்கிருந்து நியூ ஷட்டில் என்ற சிறு ரயிலில் ஒரே நிறுத்தம். 1964-ல் ஓடிய முதல் தலைமுறை புல்லட் ரயிலே அங்கே நிற்கிறது.

கோவைக்காரி:

இருவருக்கும் ரொம்ப நன்றி. கியோட்டோவை எடுத்துவிட்டேன், ஓட்டலும் ஒகாச்சிமாச்சியில் பார்க்கிறேன். மெய்ஜி கோயில் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன், அது எப்படி? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா பசி தாங்க மாட்டார், மாத்திரை வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

தஞ்சை மருமகள்:

அக்கா, என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன், அவரும் சுத்த சைவம்தான். சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மீன். காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறுதான் அங்கே பாதிச் சமையலுக்கு அடிப்படை. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ்களுக்கான சாறு, வேக வைத்த காய் எல்லாவற்றிலும் இருக்கும். வெறுமனே சைவம் என்று கேட்டால், இறைச்சி இல்லை என்பதற்காக அதையும் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் சேர்க்கக் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய வாசகத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். கடையில் விற்கும் கறிக் குழம்பு, ரொட்டி வகைகளில் விலங்குக் கொழுப்பு இருக்கலாம், அதையும் பாருங்கள்.

வேளைக்குச் சோறு என்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். அங்கே 200 கிராம் வெறும் சாதம் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பில்லாத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். வாங்கும்போது ஜெலட்டின் சேர்த்திருக்கிறதா என்று ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் காலை, இரவு இரண்டும் ஆயிற்று. கறிவேப்பிலை, பழம், பச்சைக் காய் எதையும் பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

மதியத்துக்கு ஒகாச்சிமாச்சி நல்ல இடம். அங்கே நகைக்கல் வியாபாரம் செய்யும் சமணக் குடும்பங்கள் இருப்பதால் இந்திய சைவச் சாப்பாடு அந்தப் பக்கம் கிடைக்கும். டோக்கியோ நிலையத்துக்குள் டீஸ் தன்தன் என்ற கடையில் முழுக்க சைவ ராமென் நூடுல்ஸ், தம்பிக்குப் பிடிக்கும்.

மெய்ஜி கோயில் பாதை முழுக்கச் சரளைக் கல், உள்ளே நெடுந்தூரம். மூட்டு வலிக்கு அது ஆகாது. அதற்குப் பதில் உங்கள் ஓட்டல் பக்கத்திலேயே ஷினோபாசு குளம் இருக்கிறது, நடுவில் பென்தென் கோயில். அந்தத் தெய்வம் நம் சரஸ்வதிதான், பொதுவாகக் கையில் வீணை போல ஒரு வாத்தியத்தோடு காட்டுவார்கள். போகிற பாதையும் சமதரை. அப்புறம் அசாகுசாவுக்குக் கொஞ்சம் வடக்கே மட்சுச்சியாமா ஷோதென் என்ற சின்னக் கோயில். உள்ளே இருப்பவர் கான்கிதென், நம் பிள்ளையார். திருவுருவத்தை வெளியே காட்ட மாட்டார்கள், முள்ளங்கி வைத்துக் கும்பிடுவார்கள். அங்கேயே முள்ளங்கி வாங்கலாம். கோயில் சின்னக் குன்றின் மேல் இருக்கிறது, ஆனால் வயதானவர்களுக்கென்று ஒரு குட்டி ரயில் பெட்டி மேலே ஏற்றிவிடுகிறது, கட்டணம் இல்லை. மாமியார் அங்கே உட்கார்ந்திருந்த நேரம் வேறெங்கும் உட்காரவில்லை.

நிஷிகசாய்வாசி:

தங்கை சொன்ன அந்தப் பிள்ளையார் கோயில் எனக்கும் பிடித்த இடம். அசாகுசா நிலையத்திலிருந்து டாக்சி எடுத்துவிடுங்கள். டோக்கியோவில் 2022-ல் முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென் என்று வைத்தார்கள், அதைச் சுற்றித்தான் வரும். பின்கதவை ஓட்டுநரே திறப்பார், மூடுவார், நீங்கள் தொட வேண்டாம்.

லிஃப்ட் விஷயம் விட்டுப்போயிற்று. பெரும்பாலான நிலையங்களில் தெருவுக்கு வரும் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, ஒன்றிரண்டில்தான். மேப்பில் சக்கர நாற்காலி வழி என்ற தெரிவைப் போட்டால் அந்த வாசலின் எண்ணையே காட்டும். மெட்ரோ பிளாட்பாரத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டவணையில், எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் பக்கம் வரும் என்று இருக்கும். ஏறுவதற்கு முன் அதைப் பாருங்கள். வேலை நாட்களில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ரயிலே வேண்டாம், அலுவலகக் கூட்டம்.

மருந்துக்கடை:

அம்மா மாத்திரை என்று சொன்னதால் எழுதுகிறேன். மருத்துவர் எழுதிய சாதாரண மருந்துகளை ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் கையில் வையுங்கள், மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம். சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தூக்க மாத்திரை, வலிமிக்க வலிநிவாரணி ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாகச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கோவைக்காரி:

பிள்ளையார் கோயில் என்றதும் அம்மா முகமே மாறிவிட்டது. எல்லோர் சொன்னதையும் வைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறேன்:

வியாழன்: ஸ்கைலைனர், பெட்டி வைத்துவிட்டுக் குளத்துச் சரஸ்வதி கோயில், ஓய்வு.
வெள்ளி: அசாகுசா கன்னோன் கோயில், பிறகு டாக்சியில் பிள்ளையார் கோயில்.
சனி: கைஎன்மாயேயில் இலை மஞ்சளாக மாறிய கிங்கோ மரச்சாலை, பிறகு ஷிபுயா.
ஞாயிறு: கின்சா.
திங்கள்: உவேனோ தேசிய அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை.
செவ்வாய்: தம்பிக்கு ரயில் அருங்காட்சியகம், இரவு விமானம்.

ஃபூஜியையும் எடுத்துவிட்டேன். இது போதுமா, குறைவாகிவிட்டதா?

நிஷிகசாய்வாசி:

குறைவே இல்லை. ஆனால் இரண்டு நாள் மூடிய கதவைப் பார்ப்பீர்கள். உவேனோவில் அருங்காட்சியகமும் மிருகக்காட்சி சாலையும் திங்கட்கிழமை விடுமுறை. ரயில் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ரயிலைத் திங்களுக்கு மாற்றுங்கள், உவேனோவைச் செவ்வாய்க்கு. செவ்வாயன்று பெட்டி ஓட்டலிலேயே இருக்கும், கெய்செய் உவேனோவும் பக்கம், விமானத்துக்குக் கிளம்பவும் அதுதான் வசதி.

கைஎன்மாயேயின் கிங்கோ மரச்சாலைக்குச் சனிக்கிழமை கூட்டம் தள்ளும். அதை வெள்ளி காலைக்கு மாற்றி, அசாகுசாவைச் சனிக்குக் கொண்டுபோனால் அம்மா நிதானமாக நடக்கலாம். சனியன்று அசாகுசாவுக்கு ஒன்பதுக்கு முன்பே போய்விடுங்கள், அங்கும் கூட்டம் வரும். கின்சாவை ஞாயிற்றிலேயே விடுங்கள். சனி, ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை பெரிய தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுச்சாலையில் நாற்காலிகள் போட்டு வைப்பார்கள்.

ஃபூஜிக்கு மனசு கேட்காவிட்டால் ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணமில்லை. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே மலை தெரியும். வெள்ளி மதியம் கைஎன்மாயேயிலிருந்து டாக்சியில் போய்விடுங்கள். ஷின்ஜுகு நிலையத்துக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டாம்.

கோவைக்காரி:

மாற்றிவிட்டேன். ஒகாச்சிமாச்சி ஓட்டலுக்கு இப்போதுதான் பணம் கட்டினேன், கட்டில் அறைதான். மருந்துப் பட்டியலை நாளை டாக்டரிடம் கொடுத்து ஆங்கிலச் சீட்டு வாங்குகிறேன்.