இரத்தத் தூள் இட்டும் கீரை வெளுக்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவில்பட்டி அருகே கரிசல் மண்ணில் 2 சென்ட் நிலத்தில் வீட்டுத் தேவைக்குத் தண்டுக்கீரை பயிரிடுகிறேன். பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துள்ள கீரை கிடைக்க வேண்டும் என்றுதான் அடியுரமாக 8 கிலோ இரத்தத் தூளும் 10 கிலோ எலும்புத் தூளும் இட்டேன். விதைத்த 18ஆம் நாள் முதல் கொழுந்து இலைகள் மஞ்சளாக வெளுக்கின்றன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன, அடியிலைகளோ கரும்பச்சையாகவே இருக்கின்றன.

மண்ணின் கார அமில நிலை 8.4; பாசனம் ஆழ்துளைக் கிணற்று நீர். லிட்டருக்கு 5 மில்லி வீதம் மீன் அமிலத்தை (மீனும் வெல்லமும் நொதித்த கரைசல்) வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளித்தேன், நாற்றம்தான் மிச்சம். பத்து லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துத் தெளித்தபோது நனைந்த இலைகள் பச்சை திரும்பின, ஆனால் அடுத்து வந்த கொழுந்து மறுபடி வெளுத்தது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும் என்பதால், இது இரும்புப் பற்றாக்குறை என்றே கருதுகிறேன். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் எலும்புத் தூளின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து இரும்பை முடக்குகிறதோ என்ற ஐயமும் உண்டு.

எலும்புத் தூளை நிறுத்திவிட்டு, இரத்தத் தூளை மட்கிய தொழுவுரத்தில் கலந்து சில வாரம் ஊறவைத்து இட்டால், இம்மண்ணில் இரும்பு கீரைக்கு ஏறுமா?