இஸ்திரிப் பெட்டிக்குச் சரியா வந்த கணக்கு மோட்டாருக்கு ஏன் இடிக்குது?

அண்ணாச்சிமாரே, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஓம் விதியைச் செய்து காட்டலாம் என்று ஆரம்பித்தது. 750 வாட் இஸ்திரிப் பெட்டி. சாயங்காலம் வோல்டேஜ் 212, வயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 3 ஆம்பியர். 212-ஐ 3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70.7 ஓம், பெருக்கினால் 636 வாட். 230 வோல்ட்டுக்கு 750 வாட் என்றாலும் மின்தடை 70.5 ஓம்தான் வருகிறது. சாயங்காலம் வேட்டி மடிப்பு ஏன் நிற்பதில்லை என்பதும் புரிந்துபோச்சு.

அதோடு விட்டிருக்கலாம். அப்புறம் 1 எச்.பி. போர்வெல் மோட்டாருக்குப் போனேன். 208 வோல்ட், 6.8 ஆம்பியர். வகுத்தால் 30.6 ஓம். ஆனால் மெயினை அணைத்து, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் வெறும் 4 ஓம்! அது நிஜமென்றால் 52 ஆம்பியர் இழுத்து, ஃபியூஸ் போயிருக்க வேண்டாமா? காயிலின் இண்டக்டன்ஸ்தான் (மாறிக்கொண்டே இருக்கும் கரண்டை எதிர்க்கும் குணம்) மீதியைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன், சரியா?

மோட்டாரின் 208-ஐ 6.8-ஆல் பெருக்கினால் 1414 வருகிறது. ஆனால் மோட்டார் மட்டும் ஓடும்போது ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 53 தடவை மினுக்குகிறது. மீட்டரில் யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று போட்டிருக்கு. அப்படியென்றால் சுமார் 994 வாட்தான். பவர் ஃபேக்டர், அதாவது நிஜ வாட்டை இந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தது, 0.7 என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்டெபிலைசர் வாங்க எந்தக் கணக்கைப் பார்க்கணும், 994-ஆ, 1414-ஆ? கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு கூட்டணும்? மகள் தினமும் கேட்கிறாள், மானம் போகுது.