ஒத்திசைவா, ஒப்பாக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அடையாளச் சரிபார்ப்புச் சேவையகம் (மூலம்) ஒன்றுக்குத் துணையாக அதே தரவைக் கொண்ட பல படிகள் (replica) இருக்கும்போது, அவற்றின் தரவுத்தளங்களை மூலத்தில் உள்ளபடியே வைத்திருக்கும் பணிக்குத் தமிழில் 'ஒத்திசைவு' என்ற சொல்லே போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு ஆண்டுகளாக அதையே எழுதிவந்தேன். இப்போது அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

என் மனத்தை மாற்றியவர் ஒரு மாணவர். கெர்பரோஸ் (Kerberos) என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை நிறுவுவது பற்றி நான் எழுதிய கையேட்டு வரைவைப் படித்துவிட்டு, படிச்சேவையகத்திலேயே ஒரு புதிய பயனரைச் சேர்த்திருக்கிறார். பயனரால் உள்ளே நுழையவும் முடிந்திருக்கிறது. சில மணி நேரத்தில் மூலத்திலிருந்து முழுத் தரவுத்தளமும் வந்து இறங்கியது. அந்தப் பயனர் தடமில்லாமல் மறைந்துபோனார். "ஒத்திசைவு என்றுதானே எழுதியிருந்தீர்கள்? இரண்டும் தத்தம் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் என்று நினைத்தேன்" என்றார். அவர் சொல்லைச் சரியாகவே படித்திருக்கிறார். பிழை சொல்லில் இருந்தது.

'ஒத்திசை' என்ற வினை எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். குரலோடு குரல் ஒத்திசைகிறது. யாழோடு குழல் ஒத்திசைகிறது. 'ஓடு' வந்துவிட்டால் இருவரும் சமம். யார் யாருக்காக மாறினார் என்பது தெரியாது. கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே நாட்காட்டியைப் பொருத்தும்போது இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். அங்கே இரு பக்கமும் எழுதலாம். கெர்பரோஸில் அப்படி இல்லை. எம்.ஐ.டி.யில் உருவான நிரல்தொகுப்பில், கடவுச்சொல்லை மாற்றுவதும் பயனரைச் சேர்ப்பதும் நீக்குவதும் மூலச்சேவையகத்தில் மட்டுமே நடக்க வேண்டியவை. நிர்வாகச் சேவை அங்கே மட்டும்தான் ஓடும். படிச்சேவையகம், பயனர் பிற சேவைகளிடம் தன்னை நிரூபிக்கக் காட்டும் நுழைவுச்சீட்டை (ticket) வழங்கும், அவ்வளவே. மாற்றம் ஒரே திசையில்தான் பாயும்.

'பரப்பல்' என்ற பரிந்துரையும் வந்தது. 'propagation' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரானது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் செயல்முறையைப் பார்த்தால் அதில் பாதிதான் பொருந்துகிறது. பழைய முறையில் மூலம் தன் தரவுத்தளம் முழுவதையும் ஒரு கோப்பில் இறக்கி, படிக்கு அனுப்புகிறது. படியில் 754ஆம் துறையில் (port) காத்திருக்கும் நிரல் அதை வாங்கி ஏற்றிக்கொள்கிறது. இதைப் பரப்பல் எனலாம். பின்னர் வந்த முறையில் முன்கை எடுப்பது படி. மூலம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் இட்டு ஒரு மாற்றப்பதிவேட்டில் எழுதிவைக்கிறது. படி குறிப்பிட்ட இடைவெளியில், இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை, "இந்த எண் வரை என்னிடம் இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன?" என்று கேட்டு வாங்குகிறது. பதிவேட்டில் இயல்பாக 1000 மாற்றங்களுக்கு இடம் உண்டு. அதற்கும் மேல் பின்தங்கிவிட்ட படிக்கு மறுபடி முழுத் தரவுத்தளமே வர வேண்டும். கேட்டு வாங்குவதைப் பரப்பல் என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் பழைய முறைக்கு வைத்த பெயர் புதிய முறைக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சுமையை நாமும் தூக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே 'ஒப்பாக்கம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். படியை மூலத்துக்கு ஒப்பாக்குதல். இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் சேர்ந்து திசையைக் காட்டிவிடுகின்றன: மாற்றப்படுவது படி, அளவுகோல் மூலம். அனுப்பினாலும் கேட்டு வாங்கினாலும் சொல் பொய்க்காது. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: முழு ஒப்பாக்கம், மாற்றவழி ஒப்பாக்கம், ஒப்பாக்க இடைவெளி. 'ஒப்பாக்கம் தவறியது' என்று பிழைச்செய்தியில் எழுதினால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். ஒப்பாக்கிய பிறகும் படியும் மூலமும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. தவறான கடவுச்சொல் எத்தனை முறை இடப்பட்டது என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு சேவையகமும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. அது மூலத்திலிருந்து வருவதும் இல்லை, மூலத்துக்குப் போவதும் இல்லை. 5 தவறுகளில் கணக்கைப் பூட்டும்படி அமைத்து, மூலமும் இரண்டு படிகளும் இருந்தால், தாக்குபவருக்கு 15 வாய்ப்புகள் கிடைக்கின்றன. பாதுகாப்பைப் பற்றி எழுதும் எவரும் இதை மறைக்கக் கூடாது. ஆனாலும் இந்த மறுப்பு சொல்லை வீழ்த்தவில்லை என்பது என் எண்ணம். தமிழில் ஒப்பு என்பது ஒன்றாதல் அன்று. 'ஒப்ப' உவம உருபு. இரண்டு பொருள்கள் வேறுவேறாக இருந்தால்தான் அதற்கு வேலையே உண்டு. மூலத்தை ஒத்தது, ஆனால் மூலம் அல்ல என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாற்றம் இன்னும் வந்துசேராத நிலைக்கும் சொல் வேண்டும். மூலத்தில் கடவுச்சொல்லை மாற்றிய ஒருவர் அடுத்த நிமிடமே நுழைய முயன்றால், படி பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அவரை மறுக்கக்கூடும். மூலத்தின் முகவரி தெரிந்திருந்தால், பயனர் பக்க நிரல் அதனிடம் மறுபடி கேட்டுப் பார்க்கும். அதனால் பெரும்பாலானோர் இதை உணர்வதே இல்லை. இத்தகைய படியைப் 'பின்தங்கிய படி' என்றே எழுதலாம். புதுச்சொல் வேண்டாம்.

'படி' பற்றிச் சுருக்கமாக. பழைய ஆவணங்களில் ஆண்டான், அடிமை (master, slave) என்று இருந்ததை ஆங்கிலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். நாம் அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். 'நகல்' என்றதும் ஒருமுறை எடுத்து வைத்த தாள் நினைவுக்கு வருகிறது. மூலம், படி என்ற இணை சுவடிக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: நிறுவல் கையேட்டில் 'மூன்றாம் படி' என்றால் சேவையகமா, செயல்வரிசையா என்ற குழப்பம் வரும். செயல்வரிசைக்குக் 'கட்டம்' என்று எழுதி நான் தப்பித்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. தரவுத்தளத்தில் உள்ள திறவுகோல்கள் அனைத்தையும் மறையாக்கம் செய்துவைக்கும் ஒரு திறவுகோல் இருக்கிறதே, அதற்கு 'மூலத் திறவுகோல்' என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கம். மூலச்சேவையகத்தில் மட்டும் இருப்பது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். உண்மையில் ஒப்பாக்கத்தின் வழியே அது வராது என்பதால், அதைச் சேமித்த கோப்பை நிர்வாகியே பாதுகாப்பாக ஒவ்வொரு படிக்கும் கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லையென்றால் தரவுத்தளம் வந்துசேர்ந்தும் படியால் அதைத் திறக்க முடியாது. இப்போதைக்குத் 'தலைமைத் திறவுகோல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்