போனவர்களும் அனுப்பப்பட்டவர்களும்: கால்பந்தில் விசுவாசம் குறித்து உங்களை உறுத்தும் ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

கடைசி வரிசை:

அர்ஜென்டினாவின் கோலடி வீரர் பாட்டிஸ்டுட்டா, இத்தாலியின் ரோமா கழகச் சட்டையை அணிந்து, தன் பழைய கழகமான ஃபியோரென்டினாவுக்கு எதிராக அடித்த கோலை இங்கே பார்க்காதவர் இருக்க மாட்டார் என்பதால் முன்கதையை நீட்டப் போவதில்லை. 2000 நவம்பர், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன, இரு பக்கமும் கோல் இல்லை. தொலைவிலிருந்து, பந்து தரையில் படுமுன்னே அவர் அறைந்த அறை வலைக்குள் போய் விழுந்தது. சக வீரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடிக்க, அவர் மட்டும் கையைக்கூடத் தூக்காமல் கண்கலங்கி நின்றார். ஒன்பது ஆண்டுகள் அவர் ஆடிய கழகம் ஃபியோரென்டினா. 1993-இல் அது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது கூடவே இறங்கி, மறு ஆண்டே மேலே ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

அந்தக் காட்சியை நானும் என் அண்ணனும் சேர்ந்து பார்த்தோம். அண்ணன் ஃபியோரென்டினாவின் தீவிர ரசிகர். "காசுக்குப் போனவனுக்கு என்ன அழுகை வேண்டிக்கிடக்கிறது, எல்லாம் நடிப்பு" என்றார். நான் "ஆமாம்" என்றேன். அது நடிப்பில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். பட்டம் வெல்ல வேண்டும் என்ற ஒரே ஏக்கத்தில் முப்பது வயதைக் கடந்தபின் கிளம்பிப்போன மனிதர் அவர்; அடுத்த கோடையில் ரோமாவோடு அதை வென்றார்; இத்தாலியின் முதற்பிரிவில் அவருக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். இருந்தும் நான் ஏன் "ஆமாம்" என்றேன் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் விளங்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதேனும் உறுத்தினால் எழுதுங்கள்.

பழைய நான்காம் எண்:

நான் பார்வையாளனாக அல்லாமல், ஆடியவனாக எழுதுகிறேன். பெரிய பெயரெல்லாம் இல்லை; கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றில் நடுத் தடுப்பாட்டக்காரனாகப் பதினொரு பருவங்கள் ஆடினேன்; அவற்றில் ஆறு பருவங்கள் அணித்தலைவன். கழகத்தின் பெயர் வேண்டாம். இடையில் இரண்டு முறை மேற்பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு முறையும் "நீ போனால் பின்வரிசையே சரிந்துவிடும்" என்று நிர்வாகம் கெஞ்சியதால் தங்கினேன். அதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். தங்குவது எனக்கும் பிடித்திருந்தது என்பதே உண்மை.

கடைசிப் பருவத்தில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து, நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தேன். என் அலமாரியின் மேல் என் பெயர் எழுதி ஒட்டியிருந்த வெள்ளை நாடா உரிக்கப்பட்டிருந்தது. பசை மட்டும் நீள்சதுரமாக, தூசி படிந்து நின்றது. உள்ளே என் பூட்ஸ் அப்படியே இருந்தன. மேலே மட்டும் நான் இல்லை. உடைப் பொறுப்பாளர் என்னைப் பார்த்ததும் துண்டுகளை மடிக்கத் தொடங்கினார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டுகளை. அவர்தான் அதை உரித்திருக்க வேண்டும், அதுதானே அவர் வேலை. மேலாளர் என்னை அழைத்துப் பேசியது அதற்கு மூன்று நாட்கள் கழித்து. அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. அந்தப் பசை மட்டும் நினைவில் இருக்கிறது.

விதிப்புத்தகம்:

மேலே எழுதிய இருவரும் மன்னிக்க வேண்டும். இருவரும் ஒரே பிழையைச் செய்கிறீர்கள்: ஒப்பந்தத்தை உறவாக எண்ணுகிறீர்கள்.

என் அனுபவம் சிறியது. 2001-இல் இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் சோல் கேம்பல் ஒப்பந்தம் முடிந்து, ஒரு காசும் கைமாறாமல் டாட்டனத்திலிருந்து அதன் பரம எதிரியான அர்சனலுக்குப் போனார். அந்த நவம்பரில் பழைய திடலுக்கு அவர் திரும்பி வந்தபோது கூட்டம் அவரை, காட்டிக்கொடுத்தவன் என்ற பொருளில், "யூதாஸ்" என்று முழங்கியதை நேரலையில் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல், ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு நானும் முழங்கினேன். பிற்பாடு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்த வெட்கத்தில்தான் நான் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். "அந்தக் காலத்து வீரர்கள் ஒரே கழகத்தில் வாழ்ந்து முடித்தார்கள்" என்று நாம் உருகுகிறோமே, அவர்களில் எத்தனை பேருக்குப் போகும் உரிமை இருந்தது? இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கழகம் ஆட்டக்காரரின் பதிவைத் (அது இல்லாமல் அவர் வேறு கழகத்தில் ஆட முடியாது) தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது. கூடவே சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. 1961-இல் அது நீக்கப்படும் வரை வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பிரெஸ்டன் கழகத்தின் டாம் ஃபின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் இத்தாலியின் பலெர்மோ அவரைப் பெருந்தொகை கொடுத்து அழைத்தது; கழகத் தலைவர் முடியாது என்றார்; பேச்சு அத்தோடு முடிந்தது. ஃபின்னி கடைசிவரை பிரெஸ்டனில் ஆடினார், பக்கத்தில் குழாய் பொருத்தும் தொழிலும் செய்தார். இன்று அவரை விசுவாசத்தின் உருவம் என்கிறோம். அவர் உண்மையிலேயே அந்தக் கழகத்தை நேசித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கும்போது உள்ளே இருப்பவர் விரும்பித் தங்கினாரா என்று எப்படி அளப்பது? நியூகாசிலை விட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நீதிமன்றத்துக்குப் போய், 1963-இல்தான் அந்தப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்ற தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றுத்தொகை (வாங்கும் கழகம் பழைய கழகத்துக்குத் தரும் பணம்) கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் தொடர்ந்தது. பெல்ஜிய வீரர் ஜான் மார்க் பாஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதையும் உடைத்தது. அந்தப் போராட்டத்தில் பாஸ்மனின் ஆட்ட வாழ்க்கை முடிந்தே போனது. பலனை அனுபவித்தவர்கள் மற்றவர்கள்.

ஆகவே, நான்காம் எண் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்கள் கழகம் ஒப்பந்தத்தை மீறவில்லை. நீங்கள் இரண்டு முறை தங்கியதும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதில்லை. எழுதப்படாததை யாரிடம் போய்க் கேட்பது?

வரிக்குதிரை:

விதிப்புத்தகம் அவர்களே, கதவு பூட்டியிருந்தது என்கிறீர்கள், சரி. 1995-க்குப் பிறகு கதவு திறந்துதானே கிடந்தது? டோட்டி 1993 முதல் 2017 வரை ரோமாவில் என்ன செய்துகொண்டிருந்தார், சாவியைத் தேடிக்கொண்டிருந்தாரா?

என் கணம், இத்தாலியின் யுவென்டஸ் கழகத்து டெல் பியரோ. 2006-இல் யுவென்டஸ் தண்டனையாக இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டபோது இப்ராஹிமோவிச், கன்னவாரோ, துராம், சாம்ப்ரோட்டா என்று வரிசையாகக் கிளம்பினார்கள். உலகக் கோப்பையை வென்று சில வாரங்களே ஆன டெல் பியரோ தங்கினார். புஃபோன், நெட்வெட், ட்ரெசகே ஆகியோரும் தங்கினார்கள். 2011 அக்டோபரில் கழகத் தலைவர், பங்குதாரர் கூட்டத்தில், இதுவே அவருக்குக் கடைசிப் பருவம் என்று அறிவித்தார். பங்குதாரர் கூட்டத்தில்! லாபக் கணக்கு வாசிக்கும் இடத்தில்.

2012 மே மாதம், அட்டலாண்டாவுக்கு எதிராகச் சொந்தத் திடலில் அவருடைய கடைசி ஆட்டம். கோல் அடித்துவிட்டு, இரண்டாம் பாதியில் மாற்று வீரருக்கு வழிவிட்டு வெளியே வந்தார். ஆட்டம் உள்ளே நடந்துகொண்டிருக்க, அவர் கோட்டுக்கு வெளியே திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ரசிகர்கள் கழுத்துத் துண்டுகளை அவர்மேல் எறிந்தார்கள். அவர் குனிந்து எடுத்தார். பட்டம் வென்ற அணி உள்ளே பந்தைக் கடத்திக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. என் அருகில் அமர்ந்து பார்த்த நண்பர், கால்பந்தே தெரியாதவர், "ஆட்டம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பயிற்சிக் களம்:

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தவன் நான். ஒவ்வொரு பருவ முடிவிலும் யார் தங்குவது, யார் போவது என்று சொல்லும் நாள் ஒன்று உண்டு. ஒன்பது வயதிலிருந்து எங்களோடு இருந்த ஒரு பையனிடம் "உன்னைத் தொடர்ந்து வைத்திருக்க முடியவில்லை" என்றேன். அவன் அழவில்லை. "பயிற்சிச் சட்டையைத் துவைத்துத் தர வேண்டுமா, அப்படியே தரலாமா?" என்று கேட்டான்.

இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சில சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டினால், தாண்டும் பகுதியை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஏற்பதில்லை. ஆகவே "ஐந்து ஆண்டு, ஐந்து ஆண்டு" என்று ஆசை காட்டுபவரின் மற்றப் பேச்சையும் ஐயத்தோடு கேளுங்கள். பெரியவர்களுக்கும் பொதுவான உச்சம் ஐந்து ஆண்டுகள்தான். ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்கள் இருக்கும்போதே வீரர் வேறு கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது ஃபிஃபா விதி. அப்படிப் பேசுவதைத் துரோகம் என்று யார் சொன்னாலும் தலைகுனியத் தேவையில்லை. அந்த ஆறு மாதங்களில் கழகமும் மாற்று ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மாதச் சம்பளத்தைக் கழகம் சட்டவிரோதமாக நிறுத்தி வைத்தால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் குறைந்தது பதினைந்து நாட்கள் அவகாசம் தந்தபின் வெளியேற வழி உண்டு. "வாயால் கேட்டேன்" என்பது எங்கும் நிற்காது. முகவர் கொண்டுவரும் தாளை அந்த முகவரே விளக்குவதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். அவருக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். விடுவிப்புத் தொகை (வேறு கழகம் அதைக் கொடுத்தால் வீரரை விட்டாக வேண்டிய தொகை) எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல், கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் எவ்வளவு குறையும், காயத்தின்போது மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றையும் பாருங்கள். நீண்ட காயம்தான் உறவுகளைச் சோதிக்கிறது, நான்காம் எண் எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா? படிப்பை நிறுத்தாதீர்கள். சிறு கழகங்களை நடத்துவோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று: ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, மாற்றுத்தொகையில் 5 விழுக்காடு அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். வளர்த்த கையை மறக்காமலிருக்க விதி போட வேண்டியிருக்கிறது. போட்டிருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

சட்டையை அப்படியே தரலாம் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் அதைத் துவைத்து, மடித்துத்தான் கொண்டுவந்து தந்தான்.

நூலும் ஊசியும்:

பயிற்சிக் களம் ஐயாவின் கடைசி இரண்டு வரிகளுக்காக நடுவிலுள்ள அறிவுரை முழுவதையும் மன்னிக்கலாம்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. 2005 ஜூலை 5. இஸ்தான்புல்லில் லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பையை வென்று ஆறே வாரங்கள் கழித்து, கழகம் முன்வைத்த புதிய ஒப்பந்தத்தை அதன் அணித்தலைவர் ஜெரார்ட் மறுத்துவிட்டார், செல்சிக்குப் போகப்போகிறார் என்று செய்தி. அங்கே சிலர் அவருடைய சட்டையை எரிப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எரிக்க எனக்குத் துணிவில்லை. என் சட்டையின் முதுகில் ஒட்டியிருந்த அவருடைய எண்ணான எட்டைக் கத்தியின் முனையால் நெம்பி, இரவெல்லாம் உட்கார்ந்து பிய்த்தேன். மறுநாள் அவர் மனம் மாறித் தங்குகிறார் என்றார்கள். ஒரே இரவு!

பிய்த்த எட்டு திரும்ப ஒட்டவில்லை. பசையெல்லாம் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் ஊசியும் நூலும் எடுத்துத் தைத்தேன். கறுப்பு நூல்தான் கிடைத்தது. பிறகு பத்து ஆண்டுகள் அவர் அங்கேயே ஆடி, 2015-இல் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் அமெரிக்காவுக்குப் போனார். எரித்தவர்கள் புதுச் சட்டை வாங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. என் சட்டையில் தையல் தெரிகிறது. அந்த எட்டு கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது.

விதிப்புத்தகம் அவர்களிடம் ஒரே கேள்வி: போனால் சட்டை எரிப்போம் என்று தெரிந்து ஒருவர் தங்கினால், அந்தக் கதவும் கொஞ்சம் பூட்டியதுதானே?

விதிப்புத்தகம்:

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஏற்கிறேன். ஆனாலும் நான்காம் எண்ணிடம் நான் கேட்டது நிற்கிறது. இன்னொன்றும் கேட்கலாமா? அந்தக் கழகத்துக்கு எதிராக நீங்கள் பிறகு ஆடினீர்களா?

பழைய நான்காம் எண்:

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எழுதப்படாததைக் கேட்க முடியாது என்பது சரிதான். நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவதற்கு: ஆடினேன், ஒரே முறை. அதே பிரிவில் வேறொரு கழகம் ஓராண்டுக்கு என்னைச் சேர்த்துக்கொண்டது. முழங்கால் முக்கால்வாசி நன்றாக இருந்தது. எட்டு மாதங்கள் கழித்து அந்தத் திடலுக்குப் போனோம். கூட்டம் ஏசவும் இல்லை, பெரிதாகக் கைதட்டவும் இல்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை.

இடைவேளையில் நடந்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நடுவர் விசிலடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு வாங்க, நடைக்கூடத்துக்குள் போனேன். வலப்புறம் விருந்தினர் அணியின் அறை. இடப்புறம் உள்ளூர் அணியின் அறை. பதினொரு ஆண்டுகளின் பழக்கத்தில் கால்கள் இடப்புறம் திரும்பிவிட்டன. கதவருகே துண்டுகளோடு நின்றிருந்த உடைப் பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து மெதுவாக மறுபக்கம் திருப்பிவிட்டார்; திருப்பும்போதே ஒரு துண்டையும் என் கையில் வைத்தார்.

அது அவர்கள் அணியின் துண்டு. நான் திருப்பித் தரவில்லை.