போலி வேற்றுக்கிரக ஒளியில் கறுப்புப் பட்டைகள்: எந்த மாஸ்ஃபெட்?

இங்கிலாந்தின் சஃபோக்கில், ரெண்டில்ஷாம் காட்டோரம் ஒரு குறும்படம் எடுக்கிறோம். பறக்கும் தட்டைத் தேடும் அமெச்சூர் குழுவைப் பற்றிய போலி ஆவணப்பட நகைச்சுவை. 1980 டிசம்பரில் அங்கே அமெரிக்க விமானப்படையினர் கண்ட ஒளிக்கு, 5 விநாடிக்கொருமுறை மின்னிய ஆர்ஃபர்ட்நெஸ் கலங்கரை விளக்கமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அது 2020-ல் இடிக்கப்பட்டுவிட்டதால் அதே இடைவெளியில் மின்னும் விளக்கை நாங்களே செய்தோம். அங்கேதான் சிக்கல்.

12 வோல்ட் எல்இடி நாடா, 3 ஆம்பியர், பேட்டரி, ஆர்டுயினோ ஊனோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) 9-ஆம் பின், ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்). கேமரா 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. வெளிச்சம் ஏறி இறங்கும்போது படத்தில் மெல்லிய பட்டைகள் ஓடுகின்றன. செல்போனில் எடுத்தால் தடித்த பட்டைகள். முழு வெளிச்சத்தில் சுத்தம். எனவே குற்றவாளி 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்தான் (விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை), பேட்டரி அல்ல.

ஷட்டரை 1/25 ஆக்கினோம்: பட்டை மங்கியது, கைக்கேமரா ஆட்டம் குழம்பாகிவிட்டது. பிடபிள்யூஎம்மை விட்டுவிட்டு மின்னழுத்தத்தை 9 வோல்ட்டாகக் குறைத்தோம்: பட்டை போனது, ஏற்ற இறக்கமும் போனது. பிடபிள்யூஎம் வேகத்தை நிர்ணயிக்கும் டைமர்1-ஐ மாற்றி 31 கிலோஹெர்ட்ஸ் வைத்ததும் படம் பளிச். ஆனால் இரண்டே நிமிடத்தில் மாஸ்ஃபெட் தொட முடியாத சூடு. கேட்டுக்கு (மாஸ்ஃபெட்டைத் திறக்கும் முனை) 5 வோல்ட்தான் போகிறது, அதற்கு இந்த மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்காது என்பது தெரியும்.

31 கிலோஹெர்ட்ஸில் 3 ஆம்பியருக்கு, 5 வோல்ட்டிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட்44என் மட்டும் மாற்றினால் போதுமா, கேட் டிரைவரும் (கேட்டை வேகமாகத் திறந்து மூட வைக்கும் சில்லு) கட்டாயமா?