தெனுகுய் துணியின் ஓரம் ஏன் மடித்துத் தைக்கப்படவில்லை?

கேள்வி:
ஜப்பானிய தெனுகுய் (மெல்லிய பருத்திக் கைத்துண்டு) ஒன்று பரிசாக வந்தது. சுமார் 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம், நீல அலை வடிவம். இரண்டு முனையிலும் நூல் பிரிகிறது, தைத்துவிடலாமா? இன்னொன்று, முன்பக்கம் பின்பக்கம் என்ற வித்தியாசமே தெரியவில்லையே, எப்படி அச்சடிக்கிறார்கள்?

பதில் 1:
தைக்காதீர்கள். முனையை வெட்டியபடியே விடுவதுதான் வழக்கம், தையல் மடிப்பு இல்லாததால் ஈரம் தங்காது, சீக்கிரம் காயும். சில முறை துவைத்ததும் பிரிவது தானாக நின்றுவிடும், அதுவரை தொங்கும் நூலை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். முதல் சில முறை தனியாகத் துவையுங்கள், சாயம் இறங்கும்.

பதில் 2:
அது அச்சு இல்லை, சூசென் என்ற சாயமுறை. மெய்ஜி காலத்தில் (1868–1912) ஒசாகாவில் வளர்ந்தது, அங்கே சாகாய் நகரில் இன்றும் செய்கிறார்கள். வடிவம் வெட்டிய தாளை வைத்து, சாயத்தைத் தடுக்கும் பசை தடவி, துணியை மடித்து மறுபடி தடவி, இப்படியே அடுக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் மேலே சாயத்தை ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச, அது எல்லா அடுக்கிலும் ஊடுருவும். அதனால்தான் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் லேசாகக் கசிந்திருக்கும் பாருங்கள், எனக்கு அந்தக் கசிவுதான் உயிர்!

பதில் 3:
உங்களிடம் இருப்பது செய்கைஹா, அதாவது அடுக்கடுக்கான அரைவட்ட அலையாக இருக்கும். அடுத்து இச்சிமாட்சு கட்டம் வாங்குங்கள். 18ஆம் நூற்றாண்டு கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் சனோகாவா இச்சிமாட்சு உடுத்திப் பிரபலமாக்கியது, டோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னமும் அதை வைத்துத்தான் வரைந்தார்கள்.