குப்பி காலியாகும் நாள் எது?

மருந்துப் பதிவுகளை ஆராயும் நாங்கள் மூவர், செய்த தவறுகளை ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டோம். டென்மார்க் மருந்துப் பதிவேட்டில், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினைப் பயன்படுத்துவோரைத் தேடிய என் கதை இது. 1995 முதல் அந்நாட்டு மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டுக்கு விற்ற மருந்தெல்லாம் அதில் ஏறியிருக்கிறது. யார், என்று, எத்தனை மாத்திரை வாங்கினார் என்பதெல்லாம் உண்டு. நாளுக்கு எத்தனை விழுங்கினார் என்பது மட்டும் இல்லை.

புதியவன் நான். உலகச் சுகாதார நிறுவனம் வார்ஃபரினுக்குக் குறித்துவைத்த தினசரி அளவான 7.5 மில்லிகிராமால் வகுத்துவிட்டேன். 2.5 மில்லிகிராம் மாத்திரை 100 வாங்கினால் 33 நாள். கணக்குப்படி பலரும் ஒரு மாதத்தில் மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கினார்கள். இப்படிப்பட்ட மருந்தில் இப்படியா விளையாடுவது என்று அவர்கள்மேல் கோபம்கூட வந்தது!

எங்கள் குழுவின் மூத்த மருந்தாளுநர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் இதன் அளவை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். முதியவர் சிலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரையே போதும். நீ நிறுத்தியதாக எழுதிய ஆள் வீட்டில் ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருக்கிறார்." அந்த 7.5 மருந்துப் பயன்பாட்டை ஒப்பிடுவதற்கான அளவுகோல். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவு அல்ல. பிறகு அவரவர் அடுத்தடுத்து வாங்கிய தேதிகளைக் கொண்டே நாளைக் கணக்கிட்டேன்.

*

உங்களிடம் வாங்கிய கணக்காவது இருந்தது. நான் புழங்கியது பிரிட்டன் குடும்ப மருத்துவர்களின் பதிவுகள். மருத்துவர் சீட்டு எழுதியது தெரியும்; நோயாளி கடைக்குப் போனாரா என்பது தெரியாது. அதில் 'இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை எடுக்காதவர்கள்' என்று ஒரு குழுவை அமைத்தேன். அன்று மாலையே சூப்பர்மார்க்கெட்டில், சீட்டே இல்லாமல், பாலோடு சேர்த்து இபுப்ரோஃபென் அட்டை ஒன்றும் வாங்கினேன். என் வரையறைப்படி நானும் எடுக்காதவன்தான்.

*

என் தவறு இன்னும் பெரிது. ஓராண்டுக்குள் இருமுறை வாங்கியவரே பயனர் என்று வரையறுத்து, முதல் குப்பி வாங்கிய நாளிலிருந்தே ஆயுளை எண்ணினேன். இரண்டாம் குப்பிவரை உயிரோடிருந்தவர்தானே அந்தப் பட்டியலுக்குள் வர முடியும்! மருந்து அமுதம் என்று முடிவு வந்தது. எண்ணிக்கையை இரண்டாம் குப்பியின் நாளுக்கு நகர்த்தியதும் அமுதம் வெறும் மாத்திரையாகிவிட்டது.

வார்ஃபரின் நண்பரே, மருந்தை நிறுத்தியதாகக் கொள்வதற்கு எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்?

*

முதலில் 30, பிறகு 90. மருத்துவமனையில் படுத்திருந்த நாள்களைத் தனியே கழித்தேன். அங்கே கொடுக்கும் மாத்திரை அந்தப் பதிவேட்டில் ஏறாது. அதையும் அந்த மருந்தாளுநர்தான் சொன்னார்.